எஃகு வீரனும் கழுதையும்

மாண்டாரைப் புகழ்தல் மக்கட்கு இயல்பு. அதிலும், கடல் கடந்து சென்று, அயல் மண்ணில் உடல் தேய உழைத்து மறைந்த பாட்டனைப் பேரன் புகழ்ந்து எழுதுவதில் குறை காண்பார் இலர். ஆயினும் புகழ்ச்சி யாவும் ஒரே தன்மையது அன்று. உழைத்தவனுக்குப் பெருமை தரும் புகழும் உண்டு. அவனை வேலை வாங்கியவனுக்கு மட்டும் ஆதாயம் தரும் புகழும் உண்டு. இவ்விரண்டையும் பிரித்தறிய மாட்டாத பேரன், பாட்டனைப் போற்றுவதாக எண்ணிக்கொண்டே அவனை இழிவு செய்துவிடவும் கூடும்.

இவ்வுண்மையை விளக்க, அமெரிக்கா சென்ற குரோஷியத் தொழிலாளரைப் பற்றி எழுந்த இரு படைப்புகளை ஈண்டு ஆராயப் புகுகின்றோம். ஒன்று, 1931இல் அச்சேறிய கதை. மற்றொன்று, 1937இல் ஆலயச் சுவரில் தீட்டப்பெற்ற ஓவியம். இரண்டும் பென்சில்வேனியா மாநிலத்துப் பிட்ஸ்பர்க் நகரைச் சூழ்ந்த எஃகு ஊர்களைக் களமாகக் கொண்டவை. இரண்டிலும் வருபவன் ஒருவனே. அவனே இன்றைய பேரப் பிள்ளைகள் நினைவுகூரும் பாட்டன். ஆனால் இரண்டும் காட்டும் முகங்கள் வேறு வேறு.

அப்பாட்டன் யாவன்?

முதற்கண் அவன் ஏன் புறப்பட்டான் என்பதை அறிதல் வேண்டும். குரோஷிய நாடு 1918 வரை ஆஸ்திரிய-ஹங்கேரிப் பேரரசின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. அதன் கடற்கரைப் பகுதியாகிய தல்மேஷியாவில் திராட்சையே மக்களின் உயிர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், வேரை அரிக்கும் சிறு பூச்சி ஒன்று அக்கொடிகளை அழித்தது. அத்தோடு, 1891ஆம் ஆண்டு வணிக உடன்படிக்கையால் இத்தாலிய மது குறைந்த வரியில் பேரரசினுள் புகுந்து, எஞ்சிய விலையையும் வீழ்த்தியது. பாய்மரக் கப்பல் கட்டிப் பிழைத்தோரின் வாழ்வை நீராவிக் கப்பல் பறித்தது. உள்நாட்டு ஊர்களிலோ, 'ஸாத்ருகா' எனப்பட்ட கூட்டுக் குடும்பங்கள் சிதைந்தன. நிலம் துண்டு துண்டாயிற்று. ஒரு குடும்பத்தை ஊட்டிய வயல், நால்வர்க்குப் பங்கிட்ட பின் ஒருவனையும் ஊட்டவில்லை. ஆகவே இளைஞர் புறப்பட்டனர்.

அவருட் பலர் குடியேறும் எண்ணத்தோடு புறப்படவில்லை என்பதை ஈண்டு அழுத்திக் கூற விரும்புகின்றோம். சில ஆண்டு உழைத்து, கடனை அடைத்து, சிறிது நிலம் வாங்கத் திரும்புவதே அவர்தம் நோக்கம். கப்பல்களும் இரு திசையும் ஆளேற்றிச் சென்றன. 1912இல் டைட்டானிக் மூழ்கியபோது தப்பியோரை மீட்ட கார்பேத்தியா என்னும் கப்பல், நியூயார்க்கிலிருந்து குரோஷியக் கரையின் ரியேக்காத் துறைமுகத்தை நோக்கியே அப்பொழுது சென்றுகொண்டிருந்தது. தாம் விட்டு வந்த ஊரை அம்மக்கள் 'ஸ்தாரி க்ராய்' என்றனர். 'பழைய நாடு' என்பது அதன் பொருள். அச்சொல்லைக் கூறாமல் அவர்களுடைய உரையாடல் முடிவதில்லை.

பாட்டன்மாரைப் பற்றிப் பேரர் எழுதும் நினைவுரைகளில் இச்செய்திகள் பெரும்பாலும் ஒரே வரியில் ஒடுங்கிவிடுகின்றன. "ஒரு பெட்டியோடு வந்தார், ஓயாது உழைத்தார், வீடு கட்டினார், மக்களைப் படிக்க வைத்தார்" என்ற நான்கு படிகளில் ஒரு வாழ்க்கை ஏறி முடிந்துவிடுகிறது. திரும்ப எண்ணித் திரும்ப முடியாமற் போன நெஞ்சின் நோவு அதில் இல்லை. உழைத்தும் உயராதவன் அதில் இல்லவே இல்லை. யாம் சிறப்பாக ஐயுறுவது 'ஓயாது உழைத்தார்' என்னும் இரண்டாம் படியையே. ஏனெனில், அந்த ஒரு சொற்றொடரே உருவெடுத்து ஒரு கதையாக நடமாடியிருக்கிறது. அதுதான் ஜோ மகரட்ஸ் கதை.

மகரட்ஸின் கதை

ஓவன் பிரான்சிஸ் என்பார் 1931ஆம் ஆண்டு ஸ்கிரிப்னர்ஸ் என்ற மாத இதழில் இக்கதையை வெளியிட்டார். எஃகாலைகளில் பணிபுரிந்த ஸ்லாவ் இனத் தொழிலாளரிடம் கேட்டதாக அவர் கூறினார். கதை வருமாறு:

எஃகாலைத் தொழிலாளி ஒருவர், தம் மகள் மேரியை மிக வலியவனுக்கே மணமுடிப்பதென உறுதி பூண்டு, பளு தூக்கும் போட்டி வைக்கிறார். ஊரிலுள்ள வலியோரெல்லாம் முயன்று தளர்கின்றனர். அப்பொழுது முன்பின் அறியாத ஒருவன் கூட்டத்தினின்றும் வந்து, எவராலும் அசைக்க இயலாத இரும்புத் தண்டை ஒரு கையால் தூக்கிவிடுகிறான். பெயரைக் கேட்க, "ஜோ மகரட்ஸ்" என்கிறான். கூட்டம் கொல்லென்று நகைக்கிறது. இரும்புத் தாது மலையினுள் பிறந்தவன் தான் என்றும், தன் உடல் முழுதும் எஃகு என்றும் அவன் காட்டுகிறான். ஆனால் மேரியை அவன் மணக்கவில்லை. உண்பதும் உழைப்பதும் அன்றி வேறொன்றற்கும் தனக்கு நேரமில்லை என்று கூறி, அவள் மனம் விரும்பிய இளைஞனுக்கே அவளை விட்டுக்கொடுக்கிறான். பின்னர் இரவும் பகலும் உலையருகே நின்று, கொதிக்கும் எஃகைக் கையால் அள்ளி, விரலிடுக்கில் பிழிந்து தண்டவாளமாக இழுக்கிறான். செய்த சரக்கு அளவு மீறிக் குவியவே, ஆலையைச் சில நாள் மூடுகின்றனர். மீண்டும் திறக்கையில் மகரட்ஸைக் காணவில்லை. தேடிப் பார்த்தால், உருகிய எஃகுத் தொட்டியுள் கழுத்தளவு அமிழ்ந்திருக்கிறான். தன் உடலே உருகிச் சிறந்த எஃகாகி, அதனால் புதியதோர் ஆலை எழ வேண்டும் என்பது அவன் விருப்பம்.

கதை கேட்பதற்குச் சுவையாகவே இருக்கிறது. அதன் கற்பனையில் வலிவு உண்டு. உலைக்களத்தின் வெப்பமும் உண்டு. ஆயினும் எதற்காகக் கூட்டம் நகைத்தது? குரோஷிய மொழியில் 'மகரட்ஸ்' என்றால் கழுதை!

நகையின் பொருள்

அச்சிட்ட ஆசிரியர் இப்பொருளை மறைக்கவில்லை. கழுதை போல் உண்டு, கழுதை போல் உழைப்பவன் என்பதே கதாநாயகன் தன்னைப் பற்றிக் கூறும் விளக்கம். ஆனால் அதனை ஒரு பாராட்டாகவே அவர் வாசகர்க்குத் தருகிறார். பின்னர், ஹைமன் ரிச்மன் என்னும் ஆய்வாளர் எஃகு ஊர்களில் முதிய தொழிலாளரைக் கண்டு விசாரித்தார். இக்கதை அவர்களிடையே வாய்மொழியாக வழங்கியதற்குச் சான்று கிடைக்கவில்லை என்று 1953இல் எழுதினார். கதை கேட்க வந்தவரைத் தொழிலாளர் நையாண்டி செய்திருக்கக் கூடும் என்ற ஐயமும் அதனால் எழுந்தது. அஃது உண்மையாயின், "எங்களைப் போல் ஓயாது உழைப்பவனை எங்கள் மொழியில் எவ்வாறு அழைப்போம், தெரியுமா?" என்று அவர்கள் தமக்குள் நகைத்த நகையே, அயலார் காதில் வீரகாவியமாக விழுந்தது எனலாம்.

கதையை வேறொரு கண்கொண்டு நோக்குவோம். ஓயாத உழைப்பின் பயன் யாது? சரக்குக் குவிந்து ஆலை மூடியதே பயன். மூடிய ஆலைக்கு மகரட்ஸ் காணும் தீர்வு யாது? தன்னையே உருக்குதல். அவனுக்கு மனைவி வேண்டாம், ஓய்வு வேண்டாம், முதுமை வேண்டாம், ஈற்றில் உடலும் வேண்டாம். ஒரு முதலாளி தன் தொழிலாளியிடம் விரும்பக்கூடிய குணம் இதனினும் வேறு உண்டோ? பெரிய எஃகுக் கம்பெனியே 1950இல் 'ஜோ' என்ற எஃகுப் பூதத்தைக் கொண்டு சிறார் படக்கதை வெளியிட்டது என்றால், அதில் வியப்பில்லை. நூல்களிலும் சிலைகளிலும் மகரட்ஸ் எஃகுத் தொழிலாளரின் குலதெய்வமாக வைக்கப்பட்டான். பாட்டனின் மொழியை மறந்த பிள்ளைகள் அவனை நிமிர்ந்து பார்த்தனர். நகைக்க வேண்டிய இடத்தில் வணங்கினர்.

ஈண்டு ஒரு மறுப்பு எழலாம். "உழைப்பு இழிவோ? வலிமையைப் போற்றுதல் தவறோ?" எனச் சிலர் வினவுவர். உழைப்பு இழிவன்று, எமக்கும் அதுவே கொள்கை. ஆனால் களைக்காத உழைப்பு என ஒன்று இல்லை. களைப்பை நீக்கிவிட்டு உழைப்பை மட்டும் புகழ்வது, உழைத்தவனின் உடலை மறைப்பதாகும். அந்நாளைய எஃகாலைகளில் நாள் ஒன்றுக்குப் பன்னிரண்டு மணி நேர வேலை. பகல் முறையும் இரவு முறையும் மாறும் நாளில், தொடர்ந்து இருபத்துநான்கு மணி நேரம் நிற்க வேண்டும். 1919இல் எஃகுத் தொழிலாளர் பெருந்திரளாக வேலைநிறுத்தம் செய்து தோற்றனர். 1923இல்தான் பன்னிரண்டு மணி நேர முறை ஒழியத் தொடங்கிற்று.

உடல் எஃகன்று என்பதற்குக் கணக்கும் உண்டு. கிரிஸ்டல் ஈஸ்ட்மன் என்ற பெண்மணி, பிட்ஸ்பர்க் நகரம் அடங்கிய அலெகெனி மாவட்டத்தில் 1906 ஜூலை முதல் 1907 ஜூன் வரை வேலைக்களத்தில் மாண்டோரைக் கணக்கெடுத்து, 1910இல் நூலாக வெளியிட்டார். ஓராண்டில், ஒரே மாவட்டத்தில், 526 பேர்! எஃகாலையில் மாண்டோர் 195 பேர். எஞ்சியோர் இருப்புப்பாதையிலும் சுரங்கத்திலும் பிற வேலைகளிலும் மாண்டனர். மணமானோர் குடும்பங்களில் பாதிக்கு மேற்பட்டவை, முதலாளியிடமிருந்து 100 டாலருக்கு மேல் ஒன்றும் பெறவில்லை. மகரட்ஸ் தானே விரும்பித் தொட்டியுள் இறங்கினான் என்கிறது கதை. இந்த 526 பேரும் விரும்பி இறங்கியவர் அல்லர்.

சுவர் காட்டும் பாட்டன்

இனி ஓவியத்திற்கு வருவோம். பிட்ஸ்பர்க் நகருக்கு எதிரே, அலெகெனி ஆற்றின் மறுகரையில் உள்ளது மில்வேல் என்னும் சிற்றூர். அவ்வூரின் புனித நிக்கோலாஸ் ஆலயம் குரோஷியத் தொழிலாளர் தம் கைப்பொருள் கொண்டு எழுப்பியது. 1937இல் அதன் பாதிரியாராகிய ஆல்பர்ட் சாகர், மாக்சோ வான்கா என்ற ஓவியரை அழைத்து, ஆலயச் சுவர்களில் ஓவியம் தீட்டப் பணித்தார். வான்கா 1889இல் சாக்ரெப் நகரிற் பிறந்து, உழவர் குலப் பெண்மணி ஒருவரால் வளர்க்கப் பெற்றவர். இரண்டு திங்களில் அவர் முதல் வரிசை ஓவியங்களை முடித்தார்; 1941இல் மீண்டும் வந்து மற்றொரு வரிசை தீட்டினார். இன்று அங்கே இருபத்தைந்து ஓவியங்கள் உள.

பீடத்தின் மேலே மேரியன்னை வீற்றிருக்கிறாள். அவள் கைகள் மெல்லிய கைகள் அல்ல. மண்ணைக் கிளறி, துணி துவைத்து, தடித்துப்போன உழவப் பெண்ணின் கைகள். இஃது ஒன்றே அவ்வோவியர் யாருடைய பிள்ளை என்பதை உணர்த்தும். ஆயினும் எம்மைப் பெரிதும் ஈர்ப்பவை, தாய்மாரைப் பற்றிய இரண்டு ஓவியங்கள். ஒன்றில், பழைய நாட்டில், போரில் மடிந்த மகனின் உடலைச் சூழ்ந்து வெள்ளையுடுத்த பெண்கள் அழுகின்றனர். மற்றொன்றில், புதிய நாட்டில், வேலையில் மடிந்த தொழிலாளியைச் சூழ்ந்து பெண்கள் அழுகின்றனர். குரோஷியத் தாய் தன் மக்களைப் போருக்கு வளர்க்கிறாள்; குடியேறிய தாய் தன் மக்களை அமெரிக்கத் தொழிலுக்கு வளர்க்கிறாள் என்பன அவற்றின் தலைப்புகள். இரண்டையும் சேர்த்து நோக்குவார்க்கு வேறு உரை வேண்டியதில்லை. கடல் கடந்ததனால் மாறியது பிணத்தின் உடையே அன்றிப் பிணம் அன்று.

மடிந்த தொழிலாளியின் உடலுக்கு அடியில் விரித்திருப்பது யாது? பட்டன்று, பாயன்று, குரோஷிய மொழிச் செய்தித்தாள். அவன் படித்த தாள், அவன் மொழித் தாள். இறந்த பின்னும் அவன் தன் மொழியின் மீதே கிடக்கிறான். மகரட்ஸ் கதையில் அம்மொழி நகைப்பாயிற்று. இச்சுவரிலோ அது படுக்கையாயிற்று.

1941 வரிசையில் மற்றோர் இணை உண்டு. ஒரு சுவரில், உயர்ந்த தொப்பியணிந்த செல்வன் தனியே அமர்ந்து, பங்குச் சந்தைத் தாளைப் படித்தவாறு விருந்துண்கிறான். அவன் அருகே ஏழை ஒருவன் தரையிற் கிடக்கிறான். மற்றொரு சுவரில், குரோஷியக் குடும்பம் ஒன்று எளிய உணவைப் பகிர்ந்துண்கிறது. இயேசுபிரான் அவர்களுக்கு விருந்தினர். பிறிதோரிடத்தில், அநீதி என்னும் உருவம் நச்சுவாயு முகமூடி அணிந்து தராசு பிடித்து நிற்கிறது. அத்தராசில் உணவினும் பொன்னே கனக்கிறது. வழிபடச் சென்ற தொழிலாளி, வாரந்தோறும் தன் வாழ்வையே சுவரில் கண்டான். இறந்தவன் வீரனென்று அவனுக்கு யாரும் கூறவில்லை. இறந்தவன் உன் தம்பியென்று கூறினர். இதனாலன்றோ இவ்வோவியத்தை யாம் கதையினும் உயர்ந்ததாகக் கொள்கின்றோம்.

இரண்டிலும் காணாதவை

எனினும், உயர்ந்ததென்பதால் குறையற்றது என்று கூற மாட்டோம். வான்காவின் சுவரில் பாட்டன் பெரிதும் துயருக்கு உரியவனாகவே காணப்படுகிறான். ஆனால் உயிரோடிருந்த பாட்டன் அழுதுகொண்டே இருந்தவன் அல்லன். அவன் தம்புரீத்சா என்னும் நரம்புக் கருவியை மீட்டினான். நம் தம்புராவுக்கு அப்பெயர் உறவுடையது. தோழரோடு மது அருந்திப் பாடினான்; சண்டையிட்டான்; மேற்பார்வையாளனைத் தன் மொழியில் வைதான். மேலும், அவன் சங்கம் அமைத்தான். 1894இல் அலெகெனி நகரில் குரோஷியர் தமக்குள் ஒரு கூட்டுறவுச் சங்கம் தொடங்கினர். நோயுற்றால் உதவி, மாண்டால் குடும்பத்திற்குப் பணம் என்ற ஏற்பாடே அதன் அடிப்படை. முதலாளி தராத காப்பைத் தொழிலாளர் தம் சிறு சந்தாவால் தாமே தேடிக்கொண்டனர். குரோஷிய சகோதர சங்கம் என்ற பெயரில் அது பிற்காலத்தும் வளர்ந்தது. இந்த அறிவும் துணிவும், அழும் பெண்கள் சூழக் கிடக்கும் உடலில் எவ்வாறு தோன்றும்?

இரண்டு படைப்பிலும் மறைந்து நிற்பவள் பாட்டி. கதையில் மேரி போட்டிக்கு வைத்த பரிசு. ஓவியத்தில் தாய் ஒப்பாரிக்கு உரியவள். ஆனால் எஃகு ஊர்களில் மனைவி வேறொன்றும் செய்தாள். வீட்டில் உண்டு உறைந்த ஒண்டியாட்கள் பலர்க்கு அவளே சமைத்தாள். புகையும் நெய்யும் படிந்த துணிகளைத் துவைத்தாள். விடியுமுன் ஒருவனுக்கும் அந்திக்குப்பின் மற்றொருவனுக்கும் உணவு கட்டினாள். பகல் வேலைக்காரன் எழுந்து சென்ற கட்டிலில் இரவு வேலைக்காரன் வந்து படுப்பான்; கட்டில் ஆறுவதே இல்லை. ஆறாத அக்கட்டிலைத் தட்டி விரித்தவளுக்கு மட்டும் வேலைமுறை மாற்றம் இல்லை. ஆலைக்கேனும் இரு குழுவினர் இருந்தனர். வீட்டுக்கு அவள் ஒருத்தியே. எஃகு வீரன் எவனேனும் இருந்தானாயின், அவனுக்கு உணவு சமைத்தவளும் இருந்திருப்பாள் அன்றோ! பாட்டனைப் பற்றி எழுதுவோர் பாட்டியின் அடுப்படியிலிருந்து தொடங்கினால், பாட்டனைப் பற்றியும் மெய்யான செய்தி கிடைக்கும் என்பது எமது துணிபு.

பேரன் செய்யத்தக்கது

ஆகவே, பாட்டனின் வாழ்வை நினைவுகூர விழையும் பேரனுக்கு யாம் கூறுவன சில. பாட்டன் எவ்வளவு உழைத்தான் என்று எழுதுமுன், எத்தனை மணி நேரம், என்ன கூலிக்கு, யாருக்காக என்று கேள். அவன் கட்டிய வீட்டைப் புகழுமுன், அவன் திரும்பிச் செல்ல எண்ணிய வீடு யாதென்று கேள். அவன் வென்றதை எழுதினால், அவனோடு கப்பலேறி வெல்லாமற் போனவரையும் எழுது. அவன் கோபத்தையும் குடியையும் மறைக்காதே. மறைத்தால் அவன் சிரித்ததும் பொய்யாகத் தோன்றும். எல்லாவற்றுக்கும் மேலாக, அவன் பேசிய சொற்களின் பொருளைத் தெரிந்துகொள். ஒரு சொல்லின் பொருள் தெரியாமையால், தம் பாட்டன்மாரைக் கழுதையென அழைத்த பெயரையே தலைமுறைகள் பல பெருமையாகச் சுமந்தன என்பதை மறவாதே.

மொழியை முற்றும் மீட்பது எல்லார்க்கும் இயலாது. அதனை யாம் அறிவோம். குரோஷியப் பேரர் பலர் இன்று ஆங்கிலமே பேசுவர். ஆயினும் பத்துச் சொற்களையேனும் கேட்டு வைத்தல் இயலும். பாட்டன் வேலையை எவ்வாறு அழைத்தான், களைப்பை எவ்வாறு அழைத்தான், வீட்டை எவ்வாறு அழைத்தான், எதனைக் கண்டு நகைத்தான் என்று அறிந்தவன், அவனை எஃகாக வார்க்க மாட்டான். பிணமாக மட்டும் கிடத்தவும் மாட்டான். கதையின் நகையும் சுவரின் கண்ணீரும் ஒருங்கே பெற்ற நினைவே முழு நினைவு. அத்தகைய நூலே நிலைக்கும்.

வாசக அன்பர்களே! கடல் கடந்து வந்த பாட்டன்மார் நம் இல்லங்களிலும் உளர். அவர்தம் படம் சுவரிலும், அவர்தம் சொல் முதியோர் நாவிலும் இருக்கின்றன. படத்துக்கு மாலை இடுவது எளிது. அச்சொற்களின் பொருள் உரைப்போர் உள்ளபோதே அவரிடம் அமர்ந்து கேட்பது அரிது. அரியதையே முதலிற் செய்க.